தீர்த்தம், இரண்டு தேக்கரண்டி

1

போன செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக, ஒரு கட்டடத்துக்குள் மீன் கொண்டுவரக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். லேசான சிரிப்பாக இருந்தால் பரவாயில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், தன்னுடைய நோர்வேஜிய மொழி எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் மெதுவாக ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார். மீன். கொண்டுவர. முடியாது.

இடம் நோர்வேயின் பேர்கன் நகரம், எங்கள் பகுதி நூலகம். நான் இந்த ஊருக்கு வந்து அன்றைக்குச் சரியாக ஐந்து வருஷம். ஐந்து வருஷ நிறைவுக்கு அண்ணி வீட்டில் கேக் வைத்திருந்தா. அதைவிட நூலகத்துப் பெண் தந்த பரிசுதான் பெரிசு.

விஷயம் இதுதான். நூலகத்தில் சனிக்கிழமைகளில் பதினொன்றிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் கழகம் நடக்கிறது. வெளியிலிருந்து யாராவது வந்து ஒரு நாள் பட்டறை நடத்தலாம். நான் ஒரு உலர்த்திப் பெட்டி செய்ய வைக்கலாம் என்று விண்ணப்பித்தேன். பலகை, கண்ணாடி, சின்ன விசிறி, ஈரப்பதம் காட்டும் சென்சார் ஒன்று. உள்ளே நாலு மீனை வைத்தால் காயும். அதற்கு நாலு பக்கத்தில் ஒரு ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். கத்திரிக்கோல் உண்டா, உண்டு. சூடான பொருள் உண்டா, ஒரு பல்பு உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய உணவு உண்டா? அந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நகரமே கருவாட்டில் எழும்பின நகரம். துறைமுகத்தில் வரிசையாக நிற்கிற பழைய மர வீடுகளைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவை எல்லாம் ஒரு காலத்தில் வடக்கிலிருந்து வந்த காய்ந்த மீனை அடுக்கி வைத்த களஞ்சியங்கள். இப்போது அதே ஊரில் ஒரு பிள்ளைக்கு மீன் பக்கத்தில் வந்தால் உடம்பு தடிக்கும். பிள்ளைக்கு அப்படியென்றால் அப்படித்தான், அதில் நான் வாதாட மாட்டேன். சரி, மீன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி இருந்தது. "நீங்கள் அறிவியலுக்கு எப்படி வந்தீர்கள்? நூற்றைம்பது சொற்களுக்குள்."

மன்னார்க்காரிக்கு நூற்றைம்பது சொல் தொண்டையைச் செருமவே காணாது. அதனால்தான் பெட்டிக்குள் அடங்காததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதல் தடவை மீன் மறுக்கப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பில் வருகிற சாதாரணதரப் பரீட்சைக்கு முந்தின வருஷம். இலங்கையில், மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் எங்கள் வீடு. அப்பா கடலுக்குப் போறவர். என் வகுப்பில் பக்கத்து மேசையில் றிஸ்னா. அவளுடைய வீடு சிலாவத்துறையில். சண்டையில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, பிறகு திரும்பிவந்து குடியேறின குடும்பம். படிப்புக்காக மன்னார் டவுனில், உப்புக்குளத்தில், சின்னம்மா முறையான சாச்சியின் வீட்டில் தங்கியிருந்தாள். கணக்கில் அவள் முதல். நான் இரண்டாவது, சில நேரம் மூன்றாவது. வாயில் இரண்டு பேரும் சமம்.

அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்கு ஏதாவது ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். மாகாணத்தில் தெரிவானால் கொழும்பில் கண்காட்சி. கொழும்பில் முதல் மூன்று இடம் பிடித்தால் பல்கலைக்கழகத்தில் இரண்டு கிழமை பொறியியல் முகாம். கடைசல் இயந்திரத்தைத் தொடலாம். காற்றுச் சுரங்கம் ஒன்று இருக்கிறதாம், அதற்குள் கையை விடலாம். காற்றுச் சுரங்கம் என்ற சொல்லை நானும் றிஸ்னாவும் ஒரு கிழமையாக ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் தீவே ஒரு காற்றுச் சுரங்கம்தானே. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் குடையைப் பிடித்தால் குடை எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

எனக்கு அந்த முகாம் ஆசை. றிஸ்னாவுக்கு அது வேறு. சாதாரணதரம் முடிந்ததும் அவளை ஊருக்குக் கூட்டிப்போக அவளுடைய அப்பா, வாப்பா, முடிவு பண்ணியிருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். கணிதம் படிக்க வேண்டுமென்றால் மன்னார் டவுனில் இன்னும் இரண்டு வருஷம் நிற்க வேண்டும். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சாச்சி சொல்லிப் பார்த்தா. கடைசியில் வாப்பா இறங்கிவந்த அளவு இவ்வளவுதான்: "அந்த முகாமுக்கு உன்னைய எடுத்தா நில்லு. எடுக்காட்டி உடுப்பைக் கட்டு."

அவள் அதை என்னிடம் ரியூசன் மதிலில் இருந்து மாங்காய் தின்றபடி சொன்னாள். சொல்லிவிட்டு, "அதுக்காக நீ மூஞ்சையத் தூக்கி வைக்காத, மூஞ்சை ஒண்டும் மெசின் செய்யாது" என்றாள்.

ஊர்ப் பிரச்சினை தேடி நாங்கள் தூரம் போகவில்லை. மாரியில் கருவாடு காயாது. மழை வர அள்ளி, வெயில் வர விரித்து, திரும்ப அள்ளி, மூன்றாம் நாள் புழு வைக்கும். வெயில் காலத்தில் காய்ந்தாலும் பாதி மணலும் பாதி மொய்க்கிற இலையானும். ஆகவே ஒரு பெட்டி. அப்பாவின் ஐஸ் பெட்டிப் பலகை. உடைந்த அலுமாரியின் கண்ணாடி. உள்ளுக்குக் கறுப்புப் பெயின்ற். தட்டுக்கு, கட்டிலுக்கு மேல் கட்டுகிற நுளம்பு வலை. பள்ளிக்கூடத்தில் செத்துப்போன கணினியிலிருந்து கழற்றின விசிறி. வெயில் இல்லாத நேரத்துக்கு நூறு வாட்ஸ் பல்பு. எங்கள் விஞ்ஞான ரீச்சர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்த, நகமளவு ஈரப்பத சென்சார் ஒன்று. அதிலிருந்து வயர் வெளியே வந்து, சின்னத் திரையில் நூற்றுக்கு எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். அந்தத் திரை முதல்முதலாக 74 என்று காட்டியபோது நாங்கள் இரண்டு பேரும் ஆய்வுகூடத்தில் ஆடின ஆட்டத்தில் ஒரு கண்ணாடி முகவை உடைந்தது. ரீச்சர் கூட்டுகிற தும்புத்தடியைக் கொண்டுவந்து எங்களிடம் தந்துவிட்டு, தானும் ஒருதரம் குனிந்து திரையைப் பார்த்துச் சிரித்தா.

மாகாணத்தில் எடுபட்டோம். கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும்.

3

இனி நடந்த பிழை எங்கள் கரையில் மட்டும்தான் நடக்கும்.

எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர்; புது வள்ளத்தைச் சுவாமி, கோயில் குருவானவர், வந்து மந்திரிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். வள்ளம் மட்டுமில்லை. புது எஞ்சின், புது வலை, மாமாவின் முச்சக்கர வண்டி, ஒருமுறை பக்கத்து வீட்டு ஐஸ் கிறீம் மெசின். தீர்த்தம் படாத சாமானை நம்ப மாட்டார்கள். எங்கள் பெட்டியும் ஊரைவிட்டுப் போகிற ஒரு சாமான். ஆகவே வெளிக்கிடுகிற நாள் காலைப் பூசை முடிய, அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்தார். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

சுவாமி வள்ளத்துக்குத் தெளித்துப் பழகின கை. வேப்பங்கொத்தைத் தீர்த்தச் சட்டிக்குள் தோய்த்து, பெட்டியின் நாலு பக்கமும் தெளித்தார். அத்தோடு முடிந்திருக்கும். அப்பாதான், வள்ளத்தின் முன்பக்க அணியத்துக்குள்ளும் தெளிக்கச் சொல்கிற அதே பழக்கத்தில், பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார்.

"உள்ளுக்கும் போடுங்கோ சுவாமி. உள்ளுக்கத்தான் வேலை நடக்கிறது."

சுவாமி மனங்கோணாமல் உள்ளுக்கும் போட்டார். மூன்று தடவை. நான், இந்த அணியின் தலைமைப் பொறியியலாளர், அந்த நேரம் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு அப்பா மணல் போகாமல் மூடியை இறுக்கி, பெட்டி முழுக்கப் பொலித்தீன் சுற்றி, வள்ளக் கயிற்றால் கட்டினார். அப்பா கட்டினால் புயலுக்கும் அவிழாது. ஒரு துளி காற்று உள்ளே போகாது. ஒரு துளி ஈரம் வெளியே வராது.

கோயில் கேற்றடியில் றிஸ்னா சாப்பாட்டுப் பார்சலோடு நின்றாள். பக்கத்தில் வாப்பா, மீன் வைத்த வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டியோடு. ரீச்சர் கூட வந்தாலும், பெண் பிள்ளைகள் தனியப் போக வேண்டாம் என்று அவரும் எங்களோடு கொழும்புக்கு வந்தார். பெட்டிக்குள் அன்றைக்குப் பிடிபட்ட சூடை மீன், ஐஸ் போட்டு. நடுவர்களுக்கு முன்னால் அதைக் காயவைத்துக் காட்டுவதுதான் எங்கள் திட்டம்.

4

கொஞ்சம் பேர்கனுக்கு வந்துவிட்டுப் போவோம், பஸ் பயணம் எட்டு மணித்தியாலம்.

பிள்ளைகளோடு வேலை செய்ய இங்கே பொலிஸ் சான்றிதழ் வேண்டும். அது தபாலில் வந்தது. எனக்கு வரவில்லை, அந்தோனிக்கு வந்தது. கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் நிற்பதால், ஐந்து வருஷமாக இந்த நாட்டு அரசாங்கம் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. அன்புள்ள அந்தோனி, உமது வரி. அன்புள்ள அந்தோனி, உமது பல் பரிசோதனை. இப்போது அன்புள்ள அந்தோனி, உம்மில் ஒரு குற்றமும் இல்லை. அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். சட்டம் போட்டு முன்னறையில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

படிவத்தை நிரப்ப எனக்கு உதவினது மருமகள் ஷானியா, அண்ணனின் மகள், பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். இது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம். சிரிக்கும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரே மொழி. என் உச்சரிப்பைத் திருத்துவது அவளுக்குப் பொழுதுபோக்கு. இந்த மொழியில் துணிவும் காய்தலும் என் நாக்கில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். போன மாதம் கழகத்தைச் சும்மா பார்க்கப் போன இடத்தில் பிள்ளைகளிடம் துணிந்து செய்யுங்கள் என்று சொன்னதாக நினைத்தேன். நல்லாகக் காயுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் எல்லாரும் மழையில் தெப்பலாக நனைந்து வந்த நாளில்.

ஷானியா கழகத்துக்கு வருவதில்லை. அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் வருகிறார்கள். நான் பட்டறை நடத்தப்போகிறேன் என்றதும் அவளுக்கு ஒரே பயம். அந்தக் கடைசிப் பெட்டியை எட்டிப் பார்த்து, அன்றைக்கு முழுத் தமிழிலேயே சொன்னாள்: "மாமி, ப்ளீஸ். கருவாட்டுக் கதை மட்டும் எழுதாதீங்கோ."

ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, மணக்கும் என்றாள்.

5

அடுத்த நாள் காலை. கண்காட்சி மண்டபத்தில் கம்பளம். குளிரூட்டி. வாசலில் ஒரு காவலாளி. றெஜிபோம் பெட்டியின் மூடியை விரலால் கொஞ்சம் தூக்கினார், அவ்வளவுதான், முகம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. மீனோடு உள்ளே போகேலாது. ரீச்சர் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்தா. றிஸ்னா புத்தளத்தில் வளர்ந்தவள், அவளுடைய சிங்களம் தண்ணிபோல ஓடும். அவளும் பேசிப் பார்த்தாள். காவலாளி அசையவில்லை. ஆனால் மூடியை இரண்டாம் தரம் தூக்கிப் பார்த்தார், இந்த முறை வேறு பார்வை. பின்பக்கம் கன்ரீன் இருக்கிறது, பொரிப்பார்கள் என்றார். வாப்பாவுக்குச் சிங்களம் வராது, காவலாளிக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பால்ய சிநேகிதர்கள்போலக் கன்ரீனுக்குப் போனார்கள்.

நாங்கள் மேசையில் பெட்டியை வைத்து, அப்பாவின் முடிச்சை அவிழ்க்கக் கால்மணித்தியாலம் போராடி, மின்சாரம் கொடுத்தோம். திரையில் 99.

வயரைக் கழற்றிப் போட்டேன். 99. திரையில் தட்டினேன். 99. சென்சாருக்கு வாயால் ஊதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெற்றியில் அடிக்கத் தோன்றும். மூச்சுக் காற்றில் ஈரம் இருக்கிறதென்று ஆறாம் வகுப்பில் படித்தவள் நான். றிஸ்னா மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவி, விரலை என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். ஈரம். பலகை ஊறிப்போயிருந்தது. ஒரு இரவு முழுக்கப் பொலித்தீனுக்குள் புழுங்கியிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு வேப்பங்கொத்து ஞாபகம் வந்தது.

"நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனி, ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உங்கட கோயில்ல, உங்கட சுவாமிக்கு, தண்ணி ஊத்தாதீங்கோ எண்டு நானா சொல்லுற? நீயென்ன செஞ்சனி? கண்ணை மூடிட்டு நிண்டாய்."

பக்கத்து மேசையில் குருநாகல் பிள்ளைகளின் தேங்காய் உரிக்கிற மெசின் டக் டக் என்று உரித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் கூடிக் கைதட்டினார்கள். நடுவர்கள் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். எங்களிடம் காயவைக்க மீன் இல்லை, சென்சாரும் 99-ஐ விட்டு இறங்கவில்லை. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நான் தோற்றால் ஒரு முகாம் போகும், அவள் தோற்றால் உடுப்பைக் கட்ட வேண்டும். அழ வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு யோசித்தாள். தலையை வெளியே எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பல்பைப் போடு. விசிறியப் போடு."

"என்னத்தைக் காயவைக்க?"

"காயவைக்கிற சாமான் உள்ளுக்கத்தானே இருக்கு."

விளங்க எனக்கு ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு நானும் சிரிக்கத் தொடங்கினேன், இருவராலும் நிற்பாட்ட முடியவில்லை. பல்பைப் போட்டோம். விசிறி சுழன்றது. கொப்பியை விரித்து நேரத்தையும் எண்ணையும் எழுதத் தொடங்கினேன். 99. 99. 98. அந்த 98-ஐப் பார்த்த சந்தோஷம் எனக்குப் பிறகு பட்டம் எடுத்த நாளிலும் வரவில்லை. 93. 86. மேசையில் தொங்கின அட்டையில் உலர்த்தும் பொருள் என்ற இடத்தில் சூடை மீன் என்று நான் அழகாக எழுதியிருந்தேன். றிஸ்னா அதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதினாள்: தீர்த்தம்.

எங்கள் மேசைக்கு வந்த நடுவர் ஒரு பெண் பொறியியலாளர். கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு வந்தா. அவ வந்தபோது எண் 71. நின்று பார்த்தா. 64. 58. விசிறி வருகிற வழியையும் போகிற வழியையும் கையால் தடவிப் பார்த்தா. பிறகு அட்டையைக் காட்டி, இது என்ன பொருள் என்று கேட்டா. றிஸ்னா சிங்களத்தில் விளக்கினாள். எங்கள் கரையில் புது வள்ளத்துக்குத் தெளிக்கிற தண்ணி. எனது சிநேகிதியின் அப்பா இதையும் வள்ளம் என்று நினைத்துவிட்டார். உள்ளுக்கும் தெளிக்கச் சொன்னார். அதுதான் காய்கிறது.

அந்த அம்மாவின் வாய் கொஞ்சம் கோணியது. ஆனால் குரல் மாறவில்லை. எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டா.

நான் ஐந்து என்றேன். றிஸ்னா என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"இவள் கண்ணை மூடிட்டு நிண்டவள் மிஸ். நான் பாத்தனான். பத்து. ரெண்டு தேக்கரண்டி."

அதையும் அட்டையில் எழுதச் சொன்னா. எழுதினாள். எங்களுக்குப் பின்னால் பொரித்த மீன் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாப்பா கையைத் துடைத்தபடி நின்று, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து நின்றாரோ தெரியாது. எண் 38-இல் போய் நின்றது.

6

நாலாம் இடம்.

மூன்று அணிகளுக்குத்தான் முகாம். நடுவர் அம்மா எங்களைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னா. காய வைக்க முதலும் காய்ந்த பிறகும் தராசில் நிறுத்திருக்க வேண்டுமாம். எண் குறைந்தது சரி, எவ்வளவு தண்ணி போனது என்பதற்கு அத்தாட்சி எங்கே? சரிதானே. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அது சரியென்று பட்டது, அதுதான் இன்னும் எரிச்சல். தேங்காய் உரிக்கிற மெசின் முதலாவது.

திரும்பி வருகிற பஸ்ஸில் றிஸ்னா யன்னல் பக்கம் இருந்தாள். நான் பகிடி விட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. வாப்பா எங்களுக்கு முன் கதிரையில். பெட்டி அவருடைய மடியில். சிலாபம் தாண்டியது, புத்தளம் தாண்டியது. அவர் இடைக்கிடை மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும் மூடுவதுமாக வந்தார்.

மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். வாப்பா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்குள்ள எத்தினை கட்டா மீன் போடலாம்?"

பெரிய மீன் என்றால் இரண்டு, அதுவும் வெட்டிப் போட வேண்டும் என்று றிஸ்னா கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இருநூறு போடோணும்."

அவள் நிமிர்ந்தாள். வாப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கினார். போன மாரியில் புழு வைத்ததைக் கடற்கரையில் குழி வெட்டித் தாட்டதெல்லாம் அவளுக்கு மறந்துபோச்சா. ஈரப் பலகையை ஒரு மணித்தியாலத்துக்குள்ள காயவச்சது அவர் கண்ணால் கண்டது. அப்ப பெரிசா ஒண்டு அடிச்சா என்ன?

"பெரிசாக்கினாப்போல நடக்காது வாப்பா. நடு மீன் காயாது. காத்து எவ்வளவு வேணும், சூடு எவ்வளவு, எந்த வழியால விடுறது எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு."

"அப்ப கணக்கைப் போடு."

"எனக்குத் தெரியாது. அது கணிதப் பிரிவுலதான் படிப்பிக்கிற."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அவள் அதைத் தந்திரமாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இரண்டும்தான் என்பாள்.

வாப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பெட்டியைத் தூக்கினார். பஸ்ஸில் ஏறுகிற படியில் நின்று, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு வருசம் நில்லு. ஆனா எனக்குப் பெட்டி வரோணும்."

பஸ்ஸில் நாங்கள் செய்த கூத்துக்குக் கொண்டக்ரர் இரண்டு தடவை விசில் ஊதினார்.

7

சனிக்கிழமை வந்தது. மழையும் வந்தது. பதினொரு பிள்ளைகள், மேசை முழுக்கப் பலகை, கண்ணாடித் தாள், பசை. ஷானியா வந்திருந்தாள், மொழி திருத்துவதற்கு மட்டும்தான் என்று வாசலிலேயே அறிவித்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பெட்டி ஒட்டி முடிந்தது. சென்சாரைப் பொருத்தினோம். திரையில் 94.

நான் பதினாறு வயதுக்குப் போனேன். வயரைக் கழற்றினேன், மாட்டினேன். புதுச் சென்சார் போட்டேன். 94. மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவினேன். காய்ந்த பலகை. ஆனாலும் யார் இதற்குள் தண்ணி தெளித்தது என்று நான் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கவே கேட்டேன். கடைசியில் ஷானியா சுவரைவிட்டு வந்து, என் தலைக்கு மேலால் யன்னலைக் காட்டினாள். காற்றுக்காக நான்தான் அதை அகலத் திறந்து வைத்திருந்தேன். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. சென்சாரில் ஒரு பிழையும் இல்லை. பேர்கன் அப்படித்தான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். தண்ணி தெளிக்கிற கதை என்ன என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், என் நோர்வேஜிய மொழி வழக்கம்போல நடுவழியில் நின்றது. அப்போது ஷானியா சொன்னாள். முழுவதும் சொன்னாள். கோயில், வேப்பங்கொத்து, என் அப்பா மூடியைத் திறந்து பிடித்தது, காவலாளி, பொரித்த மீன், 99. இவ்வளவையும் அவள் எப்போது கேட்டாள்? அண்ணி வீட்டுக் குசினியில் நான் அலட்டுகிறபோது காதில் வயரைக் கொழுவிக்கொண்டு திரிந்தவள். றிஸ்னா அட்டையில் மீன் என்ற சொல்லை வெட்டித் தீர்த்தம் என்று எழுதின இடத்தில் பிள்ளைகள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். மணக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் போனை எடுத்து றிஸ்னாவை அழைத்தேன். அங்கே பின்னேரம். அவள் இப்போது எங்கள் தீவின் காற்றாலைகளில் பொறியியலாளர்; லீவு நாளில் சிலாவத்துறையில் நின்றாள். திரையில் வெயில், அத்தனை வெயில், பிள்ளைகள் கண்ணைச் சுருக்கினார்கள். அவளுக்குப் பின்னால் பெட்டி. பெட்டி என்று பழக்கத்தில் சொல்கிறேன். ஆள் உள்ளே நடந்து போகலாம். நாலாவது பதிப்பு. வாப்பா அதன் கதவடியில் நின்று, விசிறி போதாது என்று இன்னும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்க எவ்வளவு காட்டுது?" என்று என்னைக் கேட்டார். தொண்ணூற்றி நாலு என்றேன்.

"அங்க ஏன் மகள் இருக்கிறீங்க" என்றார்.

றிஸ்னா போனைத் தன் பக்கம் திருப்பி, எதைக் காயவைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். மீனுக்குத் தடை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. "அப்ப சாம்பிள்?"

நான் மேசையில் எதையாவது தேடிக்கொண்டிருக்க, ஷானியா யன்னலடிக்குப் போயிருந்தாள். ஒரு கடதாசிக் கோப்பையை வெளியே நீட்டிப் பிடித்தாள். முழங்கை வரை நனைந்து திரும்பி வந்து, பஞ்சு ஒன்றைத் தட்டில் வைத்துத் தராசில் நிறுத்தாள். அதன்மேல் கரண்டியால் அளந்து ஊற்றினாள். ஒன்று. இரண்டு. திரும்ப நிறுத்தாள். எண்ணைக் கொப்பியில் எழுதினாள். பிறகு யன்னலைச் சாத்திவிட்டு, பல்பைப் போட்டாள்.

அட்டையில் பொருள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. நோர்வேஜிய மொழியில் பேர்கன் மழை என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் கீழே, இழுத்து இழுத்து, தமிழில்: இரண்டு தேக்கரண்டி.

"மாமி," என்றாள், "கண்ணை மூடாதீங்கோ."

திரையில் 93.